டெல்மரின் பதினான்கு துப்பாக்கிகள்

மனிதன் காகிதத்தைக் கண்டுபிடித்த நாள் முதல் இன்றுவரை, ஒரே ஒரு காகிதம்கூட ஒரே ஒரு தோட்டாவையும் தடுத்து நிறுத்தியதில்லை. இது ஓரின் டீக் கண்டறிந்து சொன்ன உண்மை. சொன்னதோடு விடாமல், ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாத முதல் சனிக்கிழமை அதை அவர் நிரூபித்தும் காட்டினார்.

நிரூபிக்கும் முறை எளிமையானது. மாநிலச் சட்டமன்றம் இயற்றிய துப்பாக்கிச் சட்டத்தை, மொத்தம் நாற்பத்தாறு பக்கம், அச்செடுத்து ஒரு பலகையில் ஆணியடித்து, தன் துப்பாக்கிக் கடைக்குப் பின்னால் இருக்கும் சுடுதளத்தில் நிறுத்துவார். ஐம்பது கெஜம் தள்ளி நின்று ஒரு முறை சுடுவார். பிறகு நிதானமாக நடந்து போய், கடைசிப் பக்கத்தின் துளைக்குள் சுண்டுவிரலை நுழைத்துக் கூட்டத்துக்குக் காட்டுவார்.

"பாத்துக்கங்க. நீதிபதி கையெழுத்துப் போடணும்னு சொல்ற எடத்துலயே ஓட்டை!"

கெல்லர் ஃபோர்க் ஊரே கை தட்டும். அதன்பின் புகையில் வெந்த மாட்டிறைச்சி, மிளகாய் போட்ட பீன்ஸ், சோள ரொட்டி. சாப்பிட்டவர்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு முறை சட்டத்தைச் சுடலாம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோருடன்தான் வர வேண்டும், காதடைப்பான் கட்டாயம். அந்த விஷயத்தில் ஓரின் விதி என்றால் விதி என்பவர்.

ஒரு வருடம், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் கையைத் தூக்கினார். "ஆயிரத்து எரநூறு பக்கம் இருந்தா நிக்கும் ஓரின். நான் பழைய டெலிபோன் டைரக்டரியை வச்சுப் பாத்தேன். சட்டம் ஒல்லியா இருக்கறதுதான் கோளாறு." அடுத்த வருடத்திலிருந்து அவருக்கு அழைப்பு போகவில்லை.

அந்தச் சட்டம் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில், மாட்டு ஏலம் நடந்துகொண்டிருந்த கொட்டகைக்குள் ஒருவன் நுழைந்து ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். ரைஃபிளை அவன் முறைப்படிதான் வாங்கியிருந்தான். படிவத்தில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் 'இல்லை' என்று எழுதி, நான்கே நிமிடத்தில் அனுமதி பெற்றிருந்தான். அதற்கு முன் அவன் அக்கா மூன்று முறை போலீசுக்கு போன் செய்திருந்தாள். மூன்று முறையும், "அவன் இன்னும் ஒண்ணும் செய்யலையேம்மா" என்று பதில் வந்தது. அவன் செய்த பிறகு சட்டம் வந்தது. சிவப்புக் கொடிச் சட்டம் என்று அதற்குப் பெயர். இந்த ஆள் கையில் துப்பாக்கி இருப்பது ஆபத்து என்று அவனுடைய சொந்தக்காரரோ போலீசோ நீதிபதிக்கு எழுதிக் கொடுக்கலாம். நீதிபதி கையெழுத்துப் போட்டால் துப்பாக்கிகளை உடனே எடுத்து வைத்துவிடுவார்கள். விசாரணை இரண்டு வாரம் கழித்து.

"அந்தக் கொட்டகைக்காரன் எத்தன சட்டத்தைத் தாண்டி வந்தான்னு எண்ணிப் பாத்தேன். ஏழு! ஏழத் தாண்டினவன் எட்டாவதுல தடுக்கி விழுவானா?" என்பார் ஓரின். நியாயமாகச் சொன்னால், அது லேசில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை.

சட்டத்துக்குப் பதிலாக ஓரின் வைத்திருந்த ஏற்பாடு, கண். முப்பத்திரண்டு வருடமாகக் கவுன்டருக்குப் பின்னால் நின்று, வாங்க வருகிறவனின் கண்ணைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவார். "பதினோரு பேர வெறுங்கையோட அனுப்பியிருக்கேன். எந்த கவர்மென்ட் கம்ப்யூட்டர் அத செய்யும்?" அந்தப் பதினோரு பேரும் அதன்பின் எந்தக் கடைக்குப் போனார்கள் என்பதை அவர் விசாரித்ததில்லை. அது அவருடைய துறை அல்ல.

கவுன்டிக்கு, அதாவது அந்த வட்டாரத்துக்கு, போலீஸ் தலைவரான ஷெரிஃப் பாய்ட் ஹாஸ்கெட்டையும் ஓரின்தான் வழிக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் வருடக் கொண்டாட்டத்தில், டிராக்டர் ஏற்றும் திறந்த வண்டியை மேடையாக்கி, ஓரின் எழுதிக் கொடுத்ததை மைக்கில் ஷெரிஃப் படித்தார்: "இந்தக் கவுன்டியில் ஒருவன் வீட்டு வாசலுக்கும் அந்தக் காகிதத்தோடு நான் போக மாட்டேன். அதற்காக ஜெயிலுக்குப் போனாலும் சரி." ஜெயிலின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது என்பதை அந்த உணர்ச்சிப் பெருக்கில் யாரும் கவனிக்கவில்லை.

நான்கு வருடத்தில் அந்தக் கவுன்டியில் ஒரு மனுகூட வரவில்லை. ஓரின் அதைத் தன் சாதனைகளில் ஒன்றாகச் சொல்லிக்கொண்டார்.

அக்டோபர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, டெல்மர் பிரான்ட்வால் கடைக்கு வந்தான். டெல்மர், ஓரினின் மனைவி மார்வாவின் தம்பி. முப்பத்தொரு வருடம் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் தானியக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவன். கோதுமையை உள்ளங்கையில் வைத்து ஊதியே ஈரம் எத்தனை சதவீதம் என்று சொல்வான். மார்ச் மாதம், வேறொரு சங்கத்தோடு இணைந்த கையோடு, ஒரு கடிதமும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜூனில் மனைவி போய்விட்டாள். அதன்பின் அவன் அதிகம் பேசுவதில்லை. அதிகம் பேசாத ஆட்கள் அந்த ஊரில் ஏராளம் என்பதால் யாருக்கும் அது உறுத்தவில்லை.

"மச்சான், ரைஃபிள் தோட்டா வேணும். ஆயிரம்."

"ஆயிரமா? எதுக்குடா?"

"நரி."

ஓரின் அவன் கண்ணைப் பார்த்தார். அந்தக் கண் ஓரினைப் பார்க்கவில்லை. ஓரினுக்குப் பின்னால் எங்கோ வெகுதூரத்தில், அறுவடை முடிந்த வயலைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

"ஸ்டாக் இல்லடா. தீந்துபோச்சு."

டெல்மர் ஓரினின் தோளுக்கு மேல் பார்த்தான். அலமாரியில் பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருந்தன. மெதுவாகச் சிரித்தான். "சரி மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் ஓரின் இதைப் பெருமையாகவே சொன்னார். "கண்ணுன்னா இதான் கண்ணு. ஒரு ஃபாரம் இல்ல, ஒரு ஆபீஸ் இல்ல. பன்னெண்டாவது ஆளு."

மார்வா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒன்னோட பன்னெண்டாவது ஆளு வீட்ல எத்தன துப்பாக்கி இருக்கு?"

"பதினாலு."

"யாரு வித்தது?"

"அது வேற விஷயம் மார்வா."

"என்ன வேற? இல்லாதவனுக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்லத் தெரியுது. இருக்கறவன்கிட்டேர்ந்து எடுக்கத் தெரியுமா ஒன் கண்ணுக்கு?"

பீன்ஸ் நன்றாக இருக்கிறது என்றார் ஓரின்.

வியாழன் காலை மார்வா கடைக்கு போன் செய்தாள். அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. "டெல்மர் நாயக் குடுத்துட்டான் ஓரின். பக்கத்துப் பண்ணைக்காரங்ககிட்ட. தட்டு, கழுத்துப்பட்டை, மாத்திரை எல்லாம் ஒரு பெட்டியில போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கான். பதிமூணு வருஷம் அவன் கட்டில்ல படுத்த நாய். நீ போறியா, நான் போகட்டுமா?"

ஓரின் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்.

டெல்மரின் வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அவனிடம் அவர் அப்படியொரு சுத்தத்தைப் பார்த்ததே இல்லை. குளிர்பெட்டியைக் காலி செய்து, மின்சார வயரைப் பிடுங்கி, கதவை அகலத் திறந்து வைத்திருந்தான்.

"எங்கயாவது ஊருக்குப் போறியா?"

"இல்ல மச்சான். காபி குடிக்கிறியா? கறுப்பாத்தான் இருக்கும். பால் இல்ல."

சமையலறை மேசையில் பழைய துண்டு விரித்து, அதன்மேல் ஐந்து துப்பாக்கிகள் வரிசையாகக் கிடந்தன. எண்ணெய் வாசனை. மேசைக்கடியில் புதுத் தோட்டாப் பெட்டிகள். ஓரின் கடை ஸ்டிக்கர் அவற்றில் இல்லை.

டெல்மர் அவர் பார்வை போன இடத்தைக் கவனித்தான். "அடுத்த கவுன்டிக்குப் போனேன். அந்தக் கடைப் பையன் என் மூஞ்சியக்கூடப் பாக்கல. 'நல்ல நாளா அமையட்டும் சார்'னான்."

"டேய், கடையில இரும்பு ரூம் ஒண்ணு போட்டிருக்கேன்ல. குளிர்காலம் முடியற வரைக்கும் ஒன் துப்பாக்கியெல்லாம் அங்க வச்சுடுவோமே. நானே எண்ணெய் போட்டு, நானே துடைச்சு…"

"எதுக்கு?"

"வீட்ல ஆளில்லாம கெடக்குல்ல."

"நான் ஆளில்லயா?"

ஓரின் காபியைக் குடித்தார். வாய் சுட்டது. அண்டை அயலார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், அரசாங்கம் தேவையில்லை என்று அவர் பல மேடைகளில் சொன்னதுண்டு. பார்த்துக்கொண்டபின் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

"மச்சான்," என்றான் டெல்மர், கப்பைக் கழுவிக்கொண்டே. "சனிக்கிழமை சங்கத்து விருந்துக்கு நீயும் மார்வாவும் போகாதீங்க."

"ஏன்?"

"வீட்ல சாப்பிடுங்க. அவ்ளோதான்."

"டெல்மர்."

"நீங்க குடும்பம். அதனால சொல்றேன். வேற யார்கிட்டயும் சொல்லல."

குழாயை மூடினான். கப்பைத் துடைத்து, கவிழ்த்து வைத்தான். சனிக்கிழமை விருந்து ஊர்க் கூடத்தில். சங்க உறுப்பினர்கள், குழந்தை குட்டிகள் எல்லாம் சேர்த்து நூற்றறுபது பேர் வருவார்கள். கூடத்துக்கு இரண்டே கதவுகள். அதில் ஒன்றில் எப்போதும் மடக்கு நாற்காலிகளை அடுக்கி வைத்திருப்பார்கள்.

"இதக் கேட்டுட்டு நான் சும்மா இருப்பேன்னு நெனக்கிறியா?"

"என்ன பண்ணுவே?" டெல்மர் திரும்பினான். அவன் முகத்தில் பகை இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவனின் முகம். பிறகு நினைவு வந்தவன்போல் சிரித்தான். "காகிதம் காட்டுவியா? வருஷா வருஷம் மொத ஆளா நின்னு சுட்டவன் மச்சான் நான்."

ஓரினும் பழக்கதோஷத்தில் கொஞ்சம் சிரித்துவிட்டார். அதுதான் வண்டியில் ஏறிய பிறகு அவரை அதிகம் பயமுறுத்தியது.

ஷெரிஃப் ஹாஸ்கெட் தன் அறையில் மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஓரின் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"அவன் சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லு."

"விருந்துக்கு வராதேன்னான். வீட்ல சாப்பிடுன்னான்."

"இதுல குத்தம் எங்க இருக்கு? என் மாமியா வருஷா வருஷம் எனக்கு அதத்தான் சொல்லுது."

"பாய்ட், விளையாடாத. குளிர்பெட்டியக்கூட கழுவி வச்சுட்டான்."

ஷெரிஃப் ரொட்டியைக் கீழே வைத்தார். "வெளையாடல. கேஸ் எழுதணும்னா எனக்கு ஒரு குத்தம் வேணும். கொல்லப் போறேன்னு சொன்னானா? யாரையாவது பேர் சொல்லித் திட்டினானா? துப்பாக்கிக்குக் கணக்கு இருக்கு, தோட்டாவுக்கு பில் இருக்கு. எதுக்குய்யா அவனப் புடிக்கிறது, வீட்டச் சுத்தமா வச்சிருக்கான்னா?"

"சும்மா போயி அந்தப் பதினாலையும் எடுத்துட்டு வா. அப்பறம் பேசிக்கலாம்."

"எந்த அதிகாரத்துல?"

"நம்மூரு அதிகாரத்துல! நீ ஷெரிஃப் இல்லியா?"

"அதுக்கு ஒரு காகிதம் வேணும் ஓரின்."



"நீயே எழுதேன்," என்றார் ஓரின். "போலீசும் எழுதலாம்ல."

"அவன் என் காதுல சொல்லல. ஒன் காதுல சொன்னான். கேட்டவன்தான் சத்தியம் பண்ணணும். நீ அக்கா புருஷன், ஒனக்கு உரிமை இருக்கு. சட்டத்த ஒழுங்காப் படிச்சிருந்தா தெரியும்."

"நான் அத நூறு தடவ…" என்று ஆரம்பித்த ஓரின், மேலே சொல்லவில்லை. நூறு தடவை சுட்டிருக்கிறார். அது படித்ததாகாது.

"சரி, நான் எழுதுறேன். நீதிபதி கையெழுத்தும் போட்டாச்சுன்னு வையி. நீ போவியா? மேடையில சத்தியம் பண்ணியே."

"அந்தச் சத்தியத்த யாரு எழுதிக் குடுத்தா?"

"நான்."

"அப்ப யாரு திரும்ப வாங்கிக்கணும்?"

ஓரின் தொப்பியைக் கழற்றினார். கழற்றி என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பப் போட்டுக்கொண்டார். "வாங்கிக்கிறேன் பாய்ட்."

"என் பொண்டாட்டி சனிக்கிழமைக்கு மூணு தட்டு கோழி நூடுல்ஸ் செய்யறா," என்றார் ஷெரிஃப், ரொட்டியைத் திரும்பக் காகிதத்தில் சுற்றியபடி. பசி போய்விட்டது போலும். "அஞ்சு மணிக்குள்ள கையெழுத்தோட வந்துச்சுன்னா, இருட்டறதுக்குள்ள அவன் வாசல்ல இருப்பேன். நாலு பேரோட போறேன். சுடுவானான்னு தெரியல. போறேன்."

நீதிமன்றம் தெருவுக்கு எதிர்ப்புறம். முப்பது அடி தூரம். ஓரின் முதலில் கடைக்குப் போய், கவுன்டருக்கு அடியிலிருந்த தடித்த பதிவேட்டை எடுத்துக்கொண்டு, வண்டியைப் பின்பக்கம் நிறுத்தி, மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளத்தின் வழியாக உள்ளே போனார்.

கவுன்டரில் லவோன் ஸ்ட்ரூட். ஓரினோடு பள்ளியில் படித்தவள், இருபத்தாறு வருடமாக அந்த நீதிமன்றத்தின் எழுத்தர். போன பிப்ரவரியில், கடை உரிமத்தைப் புதுப்பிக்க வந்தபோது ஓரின் அவளிடம், "என்ன லவோன், அந்த ஃபாரத்தயெல்லாம் அடுப்பெரிக்கக் கொண்டு போயிட்டியா?" என்று கேட்டு, வரிசையில் நின்றவர்களைச் சிரிக்க வைத்திருந்தார்.

"என்ன வேணும் ஓரின்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வண்டி எண்பலகை மாற்ற வந்த ஒருவன் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தான். "அந்த ஃபாரம்" என்றார்.

"எந்த ஃபாரம்?"

"அந்த… செவப்புக் கொடி."

லவோன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். கீழ் இழுப்பறையைத் திறந்து, ஒரு கட்டை எடுத்து, அதன் பிளாஸ்டிக் உறையைக் கத்திரியால் வெட்டினாள். நான்கு வருடமாக உறையே பிரிக்கவில்லை.

"யாரு?"

"டெல்மர்."

"ஐயோ," என்றாள். அவ்வளவுதான். பேனாவையும் கூடவே வைத்தாள்.

"இது யாருக்கும் தெரிய வருமா?"

"கோர்ட்டு ஃபைல். கேட்டவங்களுக்குக் காட்டணும். சட்டம்."

ஓரின் சுவரோரம் இருந்த மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். மனுதாரர் பெயர். உறவு. எதிர் மனுதாரர் பெயர். இதுவரை சுலபம். அடுத்தது: ஆபத்து என்று கருதுவதற்கான காரணங்கள், நேரில் கண்டதும் கேட்டதும் மட்டும். அவர் எழுதினார். ஆயிரம் தோட்டா. நாய். குளிர்பெட்டி. விருந்துக்கு வராதே. எழுதிப் பார்த்தபோது, சமையலறையில் அத்தனை பெரிதாக இருந்தது காகிதத்தில் ஐந்தே வரியாகச் சுருங்கிக் கிடந்தது.

"லவோன். நாயக் குடுத்ததெல்லாம் எழுதலாமா? நீதிபதி சிரிக்க மாட்டாரா?"

"எழுது. அந்த மாட்டுக் கொட்டகை அக்கா மூணு தடவ போன் பண்ணாளே, அவளும் இப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பா. அப்ப சிரிக்க ஆளிருந்துச்சு."

அடுத்தது துப்பாக்கிகள். ரகம், அளவு, வரிசை எண், இருக்கும் இடம். ஓரின் பதிவேட்டைப் பிரித்தார். விற்ற ஒவ்வொன்றையும் தேதி போட்டு அதில் எழுதியிருந்தார். எட்டிப் பார்த்த லவோன், "இவ்ளோ ஒழுங்கா வச்சிருக்கியே!" என்றாள்.

"எழுதி வைக்கணும்னு சட்டம் இருக்குல்ல" என்று சொல்லி, பக்கத்தைப் புரட்டினார்.

முதல் துப்பாக்கி டெல்மர் கல்யாணத்துக்கு முன் வாங்கியது. இரண்டு, மூன்று, நான்கு வாத்து வேட்டைக்கு. ஏழாவது துப்பாக்கி, மகன் பிறந்தபோது. ஒன்பதாவது அவனுக்குத் தேவையே இல்லை. ஓரின் பேசிப் பேசி விற்றது. பதிமூன்றுவரை எழுதி முடித்தார். பதினான்காவதுக்கு எதிரே ஏப்ரல் ஒன்பது என்று இருந்தது. அவனுக்கு வேலை போய் ஐந்து வாரம் கழித்து. இன்று காலை மேசையில் நடுவே கிடந்தது அதுதான். அன்று கவுன்டரில் டெல்மர் நின்றது ஓரினுக்கு நன்றாக நினைவிருந்தது. மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவர்தான் எடுத்துக் காட்டினார். கண்ணையும் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

அவர் எண்ணை எழுதினார். சரிபார்த்தார். இன்னொரு முறை சரிபார்த்தார்.

இது வேலை செய்யுமா என்று அவருக்குத் தெரியாது. செய்யாமல் போகும் வழிகள்தான் அவருக்கு அத்துப்படி. பதினைந்தாவது ஒன்று எங்காவது இருக்கலாம். அடுத்த கவுன்டிக் கடைப் பையன் மூஞ்சியைப் பார்க்காமல் ஒன்றை விற்றிருக்கலாம். வாசலிலேயே டெல்மர் சுடலாம், தன்னையே சுட்டுக்கொள்ளலாம். ஒருவேளை வேலை செய்தால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேவாலயத்துக்குப் போவார்கள். ஒன்றும் நடந்திருக்காது. ஒன்றும் நடக்காததை எந்தப் பலகையில் ஆணியடித்துக் காட்டுவது? 'பாவம், நல்லா இருந்த மனுஷன்கிட்டேர்ந்து புடுங்கிட்டாங்க, அதுவும் சொந்த மச்சானே' என்று ஊர் பேசும். அப்படிப் பேசுகிறவர்களில் முதல் ஆளாக நேற்றுவரை ஓரின் இருந்திருப்பார். இன்னும் எத்தனை ஆவேசமான வாக்கியங்களை அதில் சேர்த்திருப்பார் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

மார்வா நினைவு வந்தது. இன்று மாலைக்குப் பின் அவள் தம்பி அவளோடு பேசுவான் என்று தோன்றவில்லை. பதிவேட்டை எடுக்கப் போனபோது கடையிலிருந்து அவளுக்கு போன் செய்து இதைச் சொன்னபோது, அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அவனுக்கு அடி படுமா?" தெரியாது என்றார். "சரி, போ" என்று வைத்துவிட்டாள்.

"வலது கையத் தூக்கு," என்றாள் லவோன். "எழுதினது எல்லாம் உண்மைன்னு சத்தியம் பண்ணு."

தூக்கினார். சொன்னார்.

"கேக்கல ஓரின். கேக்கற மாதிரி சொல்லணும்."

மறுபடியும் சொன்னார். பெஞ்சில் இருந்தவன் விழித்துக்கொண்டு, "என்னாச்சு ஓரின், யாரு மேல கேஸு?" என்றான். ஓரின் பதில் சொல்லவில்லை. தன் பெயரைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

லவோன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நீதிபதி வேற ஒரு விசாரணையில இருக்காரு. இருவது நிமிஷத்துல கூப்பிடுவாரு. அதுக்குள்ள கடைசிக் கேள்விய முடிச்சுடு."

கடைசிக் கேள்வி: ஆபத்துக்குள்ளாகக் கூடியவர்கள். அதற்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.

"சங்க விருந்துக்கு வர்றவங்கன்னு எழுதினாப் போதும்" என்றாள் லவோன்.

ஓரின் பேனாவை வைத்தார், எடுத்தார். "டெல்மருக்கும் அது வெறும் சங்கந்தான், லவோன். அதான் அவனால முடியுது." பிறகு, "வேற தாள் இருக்கா?" என்றார்.

அவள் நான்கு தாள் கொடுத்தாள்.

அவர் எழுத ஆரம்பித்தார். தலைவர், பொருளாளர், அவர்கள் மனைவிமார்கள். எடை மேடைப் பெண். ஷெரிஃப் மனைவி. லாரி ஓட்டும் இரட்டையர்கள். நூற்றறுபது பேரில் பாதிப் பேருக்கு அவர் துப்பாக்கி விற்றிருந்தார். ஆனால் இப்போது பதிவேட்டைப் பார்க்கவில்லை, ஒவ்வொரு நாற்காலியாக நினைத்துப் பார்த்து எழுதினார்.

"நீ வர்றியா சனிக்கிழமை?"

"பூசணி இனிப்பு நான்தானே செய்யறேன்."

அவள் பெயரை எழுதினார்.

"ஹோல்கர்சன் வீட்ல புதுசா ஒரு கொழந்த பொறந்துச்சே. பேரு என்ன?"

"டோவா. மூணு மாசந்தான் ஆகுது."

"கூட்டிட்டு வருவாங்களா?"

"வீட்ல யார்கிட்ட விட்டுட்டு வருவாங்க?"

ஓரின் தலையசைத்தார். டோவா ஹோல்கர்சன், வயது மூன்று மாதம் என்று எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போனார்.